ஏசி அறையில் கிளைவியா

பள்ளிபாளையம்
22.10.2023

அன்புள்ள மலருக்கு,

மாமா எழுதுகிறேன். நானும் உன் அத்தையும் நலம். ஓசூர் ஆஸ்டல் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொள்கிறதா? போனில் என் குரல் ஆனந்தகுமார் குரல் மாதிரியே கேட்கிறது, தாங்க முடியவில்லை என்றாய். சரி சாமி, இனிமேல் எழுதியே பேசிக்கொள்வோம்.

உங்களுக்குக் கல்யாணமான வருஷம் அவன் ஏற்காட்டிலிருந்து வாங்கி வந்த கிளைவியாப் பூச்செடியைப் பற்றித்தான் கேட்க வேண்டும். இலை மட்டும் பட்டை பட்டையாக வளர்கிறது, பூ இல்லை. வெயில் ஆகாது என்பானே, அதனால் மாடிப்படிக்குக் கீழேயே வைத்துத் தினமும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுகிறேன். வேர் அடைத்துக்கொண்டு தொட்டி வெடிக்கப் பார்க்கிறது. மாற்றட்டுமா?

பெற்ற மகன் கண்ணை மூடி ஒன்றரை வருஷம் ஆகப்போகிறது. எனக்கு அழுகையே வருவதில்லை. தறி ஓடுகிறது, சாப்பிடுகிறேன், படுக்கிறேன்.

செடி பூத்தால் வந்து பார்க்கிறேன் என்று கிளம்பும்போது சொன்னாய். அதற்காகத்தான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
தண்டாயுதபாணி

*

ஓசூர்
3.11.2023

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். தினமும் ஒரு சொம்பா? அய்யோ மாமா, அழுகிவிடும்! தொட்டியையும் மாற்ற வேண்டாம். வேர் நெருக்கிக்கொண்டு இருந்தால்தான் பூக்கும் என்று அவர் சொல்வார். கார்த்திகையும் மார்கழியும் தண்ணீரை நிறுத்திவிடுங்கள். இலை துவண்டால் மட்டும் ஒரு டம்ளர் போதும். அந்த இரண்டு மாதமும் அதற்கு நல்ல குளிர் வேண்டும். அந்தக் குளிருக்கு நம் ஊரில் எங்கே போவது? பூக்காவிட்டால் மனசைத் தளர விடாதீர்கள்.

நானும் உங்களைப் போலத்தான். கம்பெனி பஸ்ஸில் போகிறேன், வருகிறேன். பக்கத்தில் யாராவது சிரித்தால் நானும் சிரித்து வைக்கிறேன். அத்தைக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது?

உங்கள் மருமகள்,
மலர்விழி

*

பள்ளிபாளையம்
10.1.2024

அன்புள்ள மலருக்கு,

குளிருக்கு வழி கண்டுபிடித்துவிட்டேன். பூட்டிக் கிடந்த ஆனந்தகுமார் அறையைத் திறந்து, செடியை வடக்குச் சன்னல் ஓரம் வைத்து, சாயங்காலமானால் ஏசி போடுகிறேன். உன் அத்தை, "ஏனுங்க, புத்தி கித்தி கெட்டுப்போச்சுங்களா? செடிக்கு ஏசி போடறவங்கள எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டாள். நான் அங்கேயே பாய் போட்டுப் படுத்துக்கொண்டேன். நாலு நாள் போனதும் அவளும் கம்பளியோடு வந்து அவன் கட்டிலில் படுத்துவிட்டாள். இப்போது இரண்டு பேருக்கும் அங்கேதான் தூக்கம்.

தண்ணீர் ஊற்றாமல் இருப்பதுதான் சிரமம். காலையில் எழுந்தால் கை சொம்பைத் தேடுகிறது.

பூத்ததும் வந்துவிடு. வந்தால் இங்கேயே இருந்துவிடு சாமி. உன் துணிமணி பீரோவில் அப்படியே இருக்கிறது. தறிப் பட்டறையை நீயே பார்த்துக்கொள். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

இப்படிக்கு,
தண்டாயுதபாணி

*

ஓசூர்
11.2.2024

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்துக்குப் பிறகு மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். என்னோடு வேலை பார்க்கும் பூபதி, ராசிபுரத்துக்காரர், என்னைக் கட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டார். நானும் ஆகட்டும் என்றேன். சித்திரையில் கோயிலில் தாலி.

சந்தோஷமா என்றால் தெரியவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப் போய்த்தான் கிடக்கிறது. ஆனால் அதை அவரிடம் சொல்ல முடிகிறது, அவரும் கேட்டுக்கொள்கிறார். என் அம்மாவுக்குக்கூட இன்னும் சொல்லவில்லை.

பூத்தால் வருகிறேன் என்ற பேச்சிலிருந்து என்னை விட்டுவிடுங்கள் மாமா. எந்த முகத்தோடு அந்தப் படி ஏறுவேன்? திட்டியாவது ஒரு வார்த்தை எழுதுங்கள். என்ன உறவு போட்டுக் கையெழுத்திடுவது என்று தெரியாமல் வெறும் பெயரை எழுதுகிறேன்.

மலர்விழி

*

பள்ளிபாளையம்
13.3.2024

அன்புள்ள மலருக்கு,

கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. கோபமெல்லாம் இல்லை. எனக்கு என்ன தோன்றுகிறது என்று பார்த்துக்கொண்டே பட்டறையில் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

கல்யாணம் செய்துகொள் சாமி. நல்லபடியாக இரு.

கிளைவியா இந்த வருஷமும் பூக்கவில்லை. நம் ஊர்ச் சூட்டில் அது பூக்காது. அதனால் நீ வர வேண்டியதில்லை. மனசில் எதையும் வைத்துக்கொள்ளாதே.

தண்டாயுதபாணி

கண்ணு, அத்தை எழுதறேன். கவர ஒட்டச் சொல்லி என்ர கையில குடுத்தாரு. நான் படிச்சுப்போட்டேன். உங்க மாமா எழுதுனது பொய்யி. செடி பூத்துருச்சு. தண்டு மேல வரல. இலைக்கு நடுவாலயே சிக்கிக்கிட்டு, ஆரஞ்சுக் கலர்ல கொத்தாப் பூத்திருக்குது. இலைய வெலக்கித்தான் பாக்கோணும். முந்தாநேத்து அதப் பாத்துப்போட்டு மனுசன் தேம்பித் தேம்பி அழுதாரு. மகனத் தூக்கிட்டுப் போனன்னைக்குக்கூட அழுகாதவரு. அழுது முடிச்சுப்போட்டு, "அவளக் கூப்புடாத, புள்ள சங்கடப்படும்"னாரு.

எனக்கு உம்மேல ஆத்தரந்தான். உன் காயிதம் வந்தப்ப ரெண்டு நாள் சோறு எறங்கல. அப்பறம் நெனச்சேன், நீயும் எத்தன நாளைக்கு அந்த ஆஸ்டல் சோத்தையே திம்பே?

பூ வாடறதுக்குள்ள வந்துரு. அந்தத் தம்பியையும் கூட்டிட்டு வா. அவரு நாட்டுக்கோழி சாப்புடுவாருங்களா, இல்ல கறியே ஆகாதுங்களா? கேட்டு எழுது கண்ணு, அதுக்குத் தகுந்தாப்பல ஆக்கோணும்.

சுப்பம்மாள்