முதுகின் மேலிருந்து படித்த கடிதம்

ஆடி 19, திங்கள்

காலையிலிருந்து தூறல். எழுத்து கோணல்மாணலாக வருகிறது, நோட்டே, கோபித்துக்கொள்ளாதே. எழுபத்தோரு வயதுக் கை. மண்வெட்டி பிடித்த பழக்கத்தில் பேனாவையும் இறுக்குகிறது. இதுவரை எழுதவே மூன்று முறை வெற்றிலை போட்டாயிற்று. இருந்தாலும் நானே எழுதியது! சிரிப்பு அடங்கவில்லை.

வேலை: மரவள்ளிக்குக் களை. ஆட்டுக்குத் தழை. சாயங்காலம் நாடக ஒத்திகை.

முதியோர் வகுப்பில் பதினான்கு பேர் சேர்ந்து கட்டிய நாடகம். ஓடைக்குப் பாலம் கேட்டு ஊர் மனுப் போடுகிறது. பாலம் தேவையா என்று பார்க்க அதிகாரி வருகிறார். ஓடை நிறையத் தண்ணீர். மனுக்காரன் முதுகில் ஏறி அக்கரை போகிறார். இறங்கி எழுதுகிறார்: 'என் கால் நனையவில்லை. பாலம் தேவையில்லை.'

அதிகாரி நான். முதுகு, மச்சினன் மாரியுடையது. "உனுக்கு வெறும் எலும்புதான் மாமா, கனமே இல்ல" என்கிறான்.

கட்டுக்கதை இல்லை. போன மழையில் வகுப்பைப் பார்க்க வந்த மேற்பார்வையாளரை இதே மாரிதான் சுமந்தான். அவர் போய், பாதை நன்றாக இருப்பதாக எழுதினார்.

ஆடி 20, செவ்வாய்

அந்த மேற்பார்வையாளர் வந்தார். கண்ணாடி, கைப்பை. ஒத்திகை பார்த்தார். முகம் கறுத்தது. பிறகு சிரித்தார். சிரித்தபோதுதான் எனக்குப் பயம்.

"ரொம்ப நல்லாருக்கு பெரியவரே. கடைசி சீன் மட்டும் வேணாங்க. ஞாயித்துக்கெழம விழாவுக்குப் பெரிய ஆபீசர் வர்றார். பாலம் தொறக்கற மாதிரி முடிச்சிடுங்க."

"இல்லாத பாலத்தயா சார்?"

"நாடகம்தானே!"

அப்புறம் எங்களுக்கு எழுத்துச் சொல்லித்தரும் கலா டீச்சரை ஓரமாக அழைத்தார். எங்களுக்குக் கேட்டது. "வகுப்ப வேற ஊருக்கு மாத்த என் கையெழுத்து ஒண்ணு போதும்மா." அந்த நாக்கு அழுகட்டும்.

டைப் அடித்த சம்மதக் கடிதம் கைப்பையிலேயே இருந்தது. மை டப்பாவும். கேட்காமலே என் கட்டைவிரலைப் பிடித்தார், மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடிப்பதுபோல. இழுத்துக்கொண்டேன்.

"படிச்சிட்டு கையெழுத்து போடறேன் சார்."

"நீங்களா? படிச்சி முடிக்க தீபாவளி வந்துடுமே! சரி, வச்சிக்குங்க. விழாவன்னிக்குக் குடுங்க. இல்லாட்டி சர்டிபிகேட்டு ஒருத்தருக்கும் கெடையாது."

ஆடி 22, வியாழன்

வெயில். கடிதம் மொத்தம் ஒன்பது வரி. இரண்டு நாள் ஆயிற்று. 'மனமுவந்து' என்ற இடத்தில் ஒரு மத்தியானம் முழுக்க நின்றுவிட்டேன்.

"அது இன்னாயா, அரிசில கல்லு பொறுக்கற மாதிரி பாத்துக்கினே கீற?" என்றாள் என் சம்சாரம் பூங்காவனம். உரக்கப் படித்துக் காட்டினேன். 'யாருடைய வற்புறுத்தலும் இன்றி, மனமுவந்து, மகிழ்ச்சியோடு கடைசிக் காட்சியை நீக்கிக்கொள்கிறோம்.' அதோடு முடியவில்லை. அடியில் இன்னொரு வரி: 'எங்கள் ஊருக்குப் பாதை வசதி போதுமானதாக உள்ளது.'

இந்த வரியைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. இதில் ரேகை விழுந்தால் இனி எந்த மனுவும் செல்லாது.

"போதுமா? மருமவள பிரசவத்துக்கு டோலி கட்டி தூக்கினு போனமே, அது எந்தப் பாதையாம்?" மேற்கொண்டு அவள் திட்டியதை எழுத நான் கற்ற எழுத்துப் போதாது.

ஆடி 24, சனி

வானம் மூடாப்பு. ஆடு தும்முகிறது.

பதினான்கு பேரும் கூடினோம். டீச்சர் அழுதார். "போடாதீங்கன்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்லீங்க ஐயா." அவர் பேர் கெடக்கூடாது. கடைசிக் காட்சியை எடுத்துவிடுவது என்று முடிவு. பதிலாக என்ன? நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மாரியிடம்கூடச் சொல்லவில்லை. ஓட்டை வாய்.

ஆடி 25, ஞாயிறு

விழா, ஓடைக்கு அக்கரையில், ஜீப் வரும் ரோட்டோரம். பெரிய ஆபீசர் முன்வரிசை. பக்கத்தில் அந்த ஆள், பல்லைக் காட்டிக்கொண்டு.

கடைசியில் நான் தனியாக வந்தேன். கண்ணாடி, கைப்பை. மாரிக்குப் பழக்கதோஷம், தானே வந்து குனிந்துவிட்டான். ஏறிக்கொண்டேன். கடிதத்தைப் பிரித்தேன். எழுத்துக் கூட்டி, ஒரு வரி விடாமல்.

'யாருடைய' என்றேன், மூச்சு வாங்கினேன். 'வற்புறுத்தலும்' என்றேன். 'இன்றி' வருவதற்குள் சனம் சிரித்துவிட்டது. "சீக்கிரம் படி மாமா, இடுப்பு போவுது" என்று கீழேயிருந்து மாரி.

'பாதை வசதி போதுமானதாக உள்ளது' என்றபோது ஊர் சிரிக்கவில்லை. பெரிய ஆபீசர் மட்டும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"பிரமாதம்! இந்த வசனம் யார் எழுதினது?"

மாரி முதுகில் இருந்தபடியே அந்த ஆளைக் கை காட்டினேன். பெரிய ஆபீசர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த முகத்தை வரையத் தெரியவில்லையே எனக்கு! பாராட்டு வாங்கியவர் இனி வகுப்பை எப்படி மாற்றுவார்? ஆனால் பெரிய ஆபீசர் ஓடைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஜீப் வந்த வழியே போய்விட்டது.

பதின்மூன்று பேருக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். என்னுடையது மட்டும் இல்லை.

"ஒன்னுது டைப் ஆவல. அடுத்த வாரம் ஆபீசுக்கு வா" என்றார் அந்த ஆள். 'வாங்க' போய் 'வா'.

கடிதம் கையெழுத்தில்லாமல் என் டிரங்குப் பெட்டியில். எனக்கு எழுதத் தெரியும் என்று சான்றிதழ் கேட்டு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன், என் கையாலேயே. அடுத்த திங்கள் கொண்டுபோய் அவர் மேசையில் வைப்பேன். அவர் சொல்வதை ஓர் எழுத்து விடாமல் இங்கே வந்து
எழுதுவேன்.