பசறை ஏற்றத்தில் நின்ற கார்

லுணுகலை,
ஞாயிறு காலை.

அன்பு மகள் கம்சலாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் சுகமாக இருக்க வேண்டும், அந்தக் குளிர் பிள்ளையின் நெஞ்சில் இறங்காமல் இருக்க வேண்டும் என்று சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அப்பாவும் நானும் நல்லபடியாக இருக்கிறோம். பக்கத்து வீட்டு நல்லம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள், அவளுடைய பட்டர்புரூட் மரம் இந்த முறை கிளை முறியக் காய்த்திருக்கிறது. போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து, இடையிடையே பேத்தியைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார், நான் சொல்ல வருவது பாதியிலேயே நின்றுவிடும். இது முழுதாகச் சொல்ல வேண்டிய விஷயம்.

போன வாரம் வரைக்கும் இரண்டு மாதமாக நான் கார் ஓட்டவில்லை மகள். மழை, ரோடு சரியில்லை என்று உன்னிடம் சொன்னதெல்லாம் பொய். மாசி மாதம் அப்பாவைக் கண் கிளினிக்குக்காகப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது, பசறைக்கு முந்திய ஏற்றத்தில் கார் இழுக்கவில்லை. அக்சிலேட்டரை மிதிக்கிறேன், மிதிக்கிறேன், கார் முனகுகிறதே தவிர ஏறவில்லை. பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடிக்கிறான். உனக்குத் தெரியும், ரத்தத்தில் சீனி கூடிய வருத்தத்தால் போன வருஷத்திலிருந்து என் பாதம் கொஞ்சம் மரத்துப்போயிருக்கிறது, சில நாள் செருப்பு கழன்றது கூடத் தெரிவதில்லை. அதனால் என் கால்தான் மிதிக்கவில்லை என்று நினைத்துவிட்டேன். எப்படியோ ஓரங்கட்டி, ஆறவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் இங்கே ஒரு கராஜில் காட்டினேன். பெட்ரோல் பில்டரை மாற்றிவிட்டு, அப்படியும் சரிவரவில்லை என்றதும் அந்த ஆள், “வண்டியில ஒண்ணும் இல்ல டீச்சர், ஒங்களுக்கு வயசாச்சு, காலு அழுத்த மாட்டேங்குது” என்றான். எனக்குள் இருந்த பயத்தை அவன் வாயால் கேட்டதும் அப்படியே நம்பிவிட்டேன். சாவியைக் கொண்டுவந்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். அப்பா ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதன் பிறகு கிளினிக்குக்கு பஸ்ஸில்தான் போனோம். இரண்டாவது தடவை இறங்கும்போது அப்பாவுக்குப் படி தெரியாமல் கால் தவறி, முழங்காலுக்குக் கீழே நீளமாகத் தோல் உரிந்துபோனது. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, “ஒண்ணும் இல்ல லீலா, ஒண்ணும் இல்ல” என்று என்னைச் சமாதானப்படுத்துகிறார். அன்று வீட்டுக்கு வந்து காரை விற்றுவிடலாம் என்று முடிவெடுத்தேன். அந்தக் காசில் மாதம் இரண்டு தடவை வேன் பிடிக்கலாமே. ஆனால் காரைக் கழுவப் போனேன் பார், கை ஓடவில்லை. பின் சீட்டில் நீ உயர்தரப் பரீட்சைக்குப் போகும்போது கொட்டிய மைக்கறை அப்படியே இருக்கிறது. உன்னைப் பேராதனை யுனிவர்சிட்டிக்குக் கொண்டுபோய் விட்டது இந்தக் காரில், கட்டுநாயக்காவுக்குக் கொண்டுபோனதும் இதில்தான். நீ பிளேன் ஏறிய அன்று திரும்பி வரும்போது அப்பா முன்னால் உட்காரவே இல்லை. நீ இருந்த இடத்திலேயே வீடு வரைக்கும் உட்கார்ந்து வந்தார், நான் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து ஓட்டினேன்.

பதுளையில் கராஜ் வைத்திருக்கும் வாஹித் என்பவர் காரைப் பார்க்க வந்தார். பழைய கார் வாங்கித் திருத்தி விற்கிறவர். ஓட்டிப் பார்க்கிறேன் என்று என்னையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு தேயிலை பெக்டரிக்குப் போகும் ஏற்றத்தில் விட்டார். பாதியில் கார் அதேபோல முனகிக்கொண்டு நின்றது. நான் அவருடைய காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் மகள். கால் அடிவரைக்கும் மிதித்தபடி இருக்கிறது. “எத்தின நாளா இப்பிடி டீச்சர்?” என்று கேட்டார். என் கால் பிரச்சினை என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “என்ட காலுக்கும் ஏறுதில்லயே. இது ஒங்கட கால் இல்ல” என்றார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன்.

அன்றே காரை மெல்ல மெல்லப் பதுளைக்குக் கொண்டுபோனோம். அவர் வேலை செய்கிற விதத்தை நீ பார்த்திருக்க வேண்டும், எதையும் சும்மா கழற்றவில்லை. முதலில் என்ஜினை ஓடவிட்டு சைலன்சர் வாயில் கையை வைத்துப் பார்த்தார், காற்று பலமாக வரவில்லை. பிறகு காரை உயர்த்தி, அடியில் இருக்கிற ஒரு தகரப் பெட்டியை ரப்பர் சுத்தியலால் தட்டினார், டின்னுக்குள் கல்லுப் போட்டு ஆட்டியதுபோலச் சத்தம். அதுதான் கன்வர்ட்டராம், கெட்ட புகையைச் சுத்தமாக்கும் பெட்டி. அதற்குள் தேன்கூடு போல நுண்ணிய ஓட்டைகள் இருக்குமாம். அதற்கு முன்னால் இருக்கிற சென்சரைக் கழற்றி அந்த இடத்தில் புகையின் அழுத்தத்தைக் காட்டும் ஒரு மீட்டரைப் பூட்டி, என்னை அக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னார். மிதிக்க மிதிக்க முள் ஏறிக்கொண்டே போனது. தேன்கூடு உருகி, உடைந்து, வழியை அடைத்துவிட்டது, புகை வெளியே போக முடியவில்லை என்றார். “மூக்கையும் வாயையும் பொத்திட்டு மலை ஏறச் சொன்னா நாம ஏறுவமா?” என்று கேட்டார். அதோடு விடவில்லை. ஏன் உருகியது என்று தேடி, ஒரு சிலிண்டரில் நெருப்பு சரியாகப் பிடிக்காமல் எரியாத பெட்ரோல் அந்தப் பெட்டிக்குள் போய் எரிந்ததைக் கண்டுபிடித்தார். அதைத் திருத்தாமல் புதிதைப் போட்டால் அதுவும் போய்விடுமாம். பெட்டியை வெட்டி எறிந்துவிட்டு வெறும் குழாய் போட்டால் என்ன என்று கேட்டேன். அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், நான் செய்யமாட்டேன், புகைச் சோதனையிலும் நிற்காது, ரோட்டில் நடந்து போகிற பிள்ளைகள்தான் அதைக் குடிக்க வேண்டும் என்றார். முதலில் அந்தச் சிலிண்டரைச் சரிசெய்து, பிறகு புதுப் பெட்டியைப் பூட்டிக் கொடுத்தார். காரை அவர் வாங்கவும் இல்லை. “வெச்சிக்கோங்க டீச்சர், நல்ல என்ஜின்” என்று சொல்லிவிட்டார்.

இதையெல்லாம் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னால், அவர் தலையைக் குனிந்துகொண்டு, அந்தக் கல்லுச் சத்தம் தனக்குக் கார்த்திகை மாதத்திலிருந்தே கேட்டது என்கிறார்! அழுகின முட்டை நாற்றமும் வந்ததாம். முப்பது வருஷம் லொறி ஓட்டிய மனுஷன், கண் மங்கினாலும் காது மங்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கத்திவிட்டேன். நான் கார் பழகிய முதல் நாள் உனக்கு நினைவிருக்கும். கியர் மாற்றத் தெரியவில்லை என்று அவர் போட்ட சத்தத்தில் நான் காரை நடுரோட்டில் விட்டுவிட்டு இறங்கி நடந்தேன், நீ என் கைப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடிவந்தாய். அன்றைக்கே, லீலா ஓட்டும்போது இனி வாயே திறப்பதில்லை என்று மனசுக்குள் சத்தியம் பண்ணிக்கொண்டாராம். “குறை சொல்றேன்னு நெனச்சிக்குவியோன்னு பயந்தேன்” என்றார். பதினொரு வருஷம் அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறார். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

என் பாதத்தையும் சும்மா விடவில்லை. டொக்டர் நைலோன் நூலால் பத்து இடத்தில் தொட்டுப் பார்த்தார், எட்டு இடத்தில் தெரிந்தது. ஓட்டலாம், ஆனால் செருப்புப் போட்டு ஓட்டக்கூடாது, காலை மூடும் சப்பாத்துதான், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும் என்றார். அவர் வேண்டாம் என்று சொல்கிற அன்றைக்கு நிறுத்திவிடுவேன், அது உனக்கு நான் தரும் வாக்கு. போன புதன்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த ஏற்றத்தில் கார் ஒரு முனகல் இல்லாமல் ஏறியது. அப்பா வாயை மூடவே இல்லை, “செக்கனுக்கு மாத்து, இப்ப தேர்ட், வளைவு வருது பாரு” என்று வழியெல்லாம் பேச்சுத்தான். நான் அவர் சொன்னபடியே கியர் மாற்றி மாற்றி ஓட்டினேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். மூன்று வாரமாக நீ போனில் “எல்லாம் நல்லா இருக்கும்மா” என்று ஒரே மாதிரிச் சொல்கிறாய், சொல்லிவிட்டு உடனே பிள்ளையின் முகத்தைக் காட்டுகிறாய். உன் முகத்தை நான் பார்த்து நாளாகிறது. வேலையோ, வீடோ, எதுவென்றாலும் எனக்கு எழுது. நான் பதறமாட்டேன், உடனே புத்தி சொல்லவும் வரமாட்டேன். சொல்ல முடியாவிட்டால், சொல்ல முடியவில்லை என்றாவது எழுது, அது போதும்.

சாப்பாட்டைத் தவறவிடாதே, பிள்ளைக்குக் காதை மூடித் தொப்பி போடு. கதிர்காமத்து முருகன் உங்கள் மூவரையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா
லீலா தங்கராஜா