திறக்காதவர்களின் பட்டியல்

ஜனவரி 21, செவ்வாய்

என்ன வேலை பார்க்கிறாய் என்று வீட்டு உரிமையாளர் கேட்டார். யார் எந்த ஃபைலைத் திறக்கிறார்கள் என்று கண்காணிப்பது என்றேன். தன் மனைவி அதைச் சம்பளமில்லாமல் செய்வதாகச் சொன்னார்.

எங்கள் ஸ்கேன் சென்டருக்கு ஊரில் ஒன்பது கிளைகள். எல்லா நோயாளிகளின் ரிப்போர்ட்டும் கிளவுடில் இருக்கிறது. யார், எப்போது, எதைத் திறந்தாலும் லாக் என்கிற கணினிப் பதிவேட்டில் ஒரு வரி விழும். எலெக்ட்ரானிக் சிட்டியில், ஏ.சி. அதிகமான ஓர் அறையில் உட்கார்ந்து நான் அந்த வரிகளைப் படிக்கிறேன்.

இன்று ஒரு புகார். ஒரு பெண்ணின் ரிப்போர்ட்டை அவள் பார்ப்பதற்கு முன்பே அவள் மாமியார் பார்த்துவிட்டார். லாகில் தேடினேன். ஒரே வரி: ஜனவரி 12, ஞாயிறு, காலை 9.12, ஆஸ்டின் டவுன் கிளை, ஓஸ்வால்ட். பெயரை எழுதி மேலாளர் ராம்கிக்கு அனுப்ப நான்கு நிமிடம் ஆயிற்று. "சூப்பர் வித்யா, க்ளீன் கேஸ்" என்றார். கொஞ்சம் பெருமையாக இருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 22, புதன்

ஓஸ்வால்டை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். இருபத்திரண்டு வருட சர்வீஸ். ஓய்வுக்கு எட்டு மாதம் இருக்கிறது. 31-ஆம் தேதி விசாரணை. அதில் குற்றம் உறுதியானால் வேலை போய்விடும்.

ஜனவரி 24, வெள்ளி

ஓஸ்வால்ட் போன் செய்தார். நோட்டீஸில் என் பெயர் இருக்கிறதாம். சண்டைக்கு வருகிறார் என்று தயாரானேன்.

"ஊட்டா ஆய்த்தா மேடம்?" என்று, சாப்பாடு ஆயிற்றா எனக் கன்னடத்தில் கேட்டு ஆரம்பித்தார்.

"ஆச்சு சார்."

"ஞாயித்துக்கிழமை ஒம்போது பன்னெண்டுன்னு போட்டிருக்கு. அந்த டைம்ல நான் சர்ச் கொயர்ல நின்னு பாடிட்டிருந்தேன் மேடம். என் குரலு கேக்காம யாரும் தப்பிச்சிருக்க முடியாது."

"அப்ப உங்க லாகின்ல திறந்தது யாரு சார்?"

"அதை மட்டும் கேக்காதீங்க. அஞ்சு பேர்ல யாருன்னு எனக்கே தெரியாது. தெரிஞ்சாலும், எல்லாம் சின்னப் பசங்க."

ஐந்து பேரா?

பெயரை எழுதுவதற்கு முன்னால் இந்த ஒரு போனை நான் ஏன் போடவில்லை? நாலு நிமிஷம்டி. ஒரு மனுஷனோட இருபத்திரண்டு வருஷத்துக்கு நாலு நிமிஷம்.

ஜனவரி 25, சனி

லீவு நாள். பஸ் பிடித்து ஆஸ்டின் டவுன் கிளைக்குப் போனேன். ரிப்போர்ட்டுக்காக வாசல் வரை வரிசை. ஓஸ்வால்டின் கணக்கை முடக்கியதிலிருந்து அங்கே யாராலும் எதையும் திறக்க முடியவில்லை. மானிட்டர் ஓரத்தில் அவருடைய பாஸ்வேர்டு அழகான கையெழுத்தில் ஒட்டியிருந்தது. அதன் கீழே, ‘ரகசியம்’.

ரிசப்ஷனில் விஜி என்ற பெண். "ஆறு பேருக்கும் அது ஒண்ணுதான் மேடம். காலைல ஓஸ்வால்ட் அங்கிள் வந்து ஓப்பன் பண்ணிடுவாரு, ஷட்டர் மாதிரி. அவரு வராத நாள்ல இந்தச் சீட்டைப் பாத்து நாங்களே போட்டுக்குவோம். எங்க அஞ்சு பேருக்கும் தனி லாகின் கேட்டு ஃபார்ம் அனுப்பினோமே, போன மார்ச்ல."

"யாருக்கு அனுப்பினீங்க?"

"உங்களுக்குத்தான் மேடம்."

ஜனவரி 27, திங்கள்

இருக்கிறது. எங்கள் பிரிவின் ஃபோல்டரில், மார்ச் 11 அன்று வந்து விழுந்த ஐந்து ஃபார்ம்கள். திறந்தவர்கள்: யாருமில்லை.

நாங்கள் திறப்பவர்களைத்தான் கண்காணிக்கிறோம். திறக்காமல் விட்டால் லாகில் வரி விழாது. அதனால் அந்தக் குற்றத்துக்காக இந்தக் கம்பெனியில் இதுவரை ஒருவரும் பிடிபடவில்லை. நான் உட்பட.

இரண்டு பக்க அறிக்கை எழுதினேன். முதல் வரி: ‘21-ஆம் தேதி நான் கொடுத்த பெயர், விசாரிக்காமல் கொடுத்த பெயர்.’ ராம்கிக்கும் இயக்குநர் சங்கமித்ராவுக்கும் அனுப்பினேன்.

ஜனவரி 28, செவ்வாய்

அறிக்கையைத் திறந்தவர்கள்: நான்.

ஜனவரி 29, புதன்

நான், இரண்டு முறை. ராம்கி, ஆறு நொடி.

பிறகு என் மேசைக்கு வந்தார். "இதையெல்லாம் ஏன் கிளறுற? நம்ம டீம் பேரே கெட்டுடும்."

"ஆறு செகண்ட்ல ரெண்டு பக்கம் படிச்சிட்டீங்களா சார்?"

"என்னையுமா பாக்குற?"

"அதுக்குத்தானே சம்பளம் குடுக்கறீங்க."

விசாரணைக்கு இன்னும் இரண்டு நாள்.

ஜனவரி 30, வியாழன்

காலையில் விஜி போன் செய்தாள். "அன்னிக்குத் திறந்தது நான்தான் மேடம். ஒரு அம்மா பில்லைக் காட்டி, மருமக வாங்கிட்டு வரச் சொன்னான்னாங்க. பிரிண்ட் எடுத்துக் குடுத்துட்டேன். இப்படி ஆகும்னு தெரியாது. டைரக்டர் மேடத்துக்கு எல்லாத்தையும் மெயில்ல எழுதிட்டேன்." பிறகு, "எனக்கு வேலை போயிடுமா?"

தெரியாது என்றேன். பொய் சொல்லியிருக்கலாம்.

11.04: சங்கமித்ரா என் அறிக்கையைத் திறந்தார். இருபத்தாறு நிமிடம். படித்தாரா, திறந்து வைத்துவிட்டுக் காபிக்குப் போனாரா? லாகுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. படித்தார் என்றே இன்று நம்புகிறேன். இந்த வேலையில் நான் யாரையும் ஆதாரமில்லாமல் நம்பியதில்லை. புதுப் பழக்கம்.

பிப்ரவரி 3, திங்கள்

படித்திருக்கிறார்.

ஓஸ்வால்டின் சஸ்பென்ஷன் ரத்து. சங்கமித்ரா, ரிப்போர்ட் வெளியே போன அந்தப் பெண்ணை நேரில் போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்டாராம். விஜிக்கு எச்சரிக்கைக் கடிதம், வேலை இருக்கிறது. எனக்கும் ஓர் எச்சரிக்கைக் கடிதம். நியாயம்தான். ராம்கிக்கு வாராவாரம் ஒரு புது வேலை: திறக்கப்படாத ஃபைல்களின் பட்டியல் தயாரிப்பது. அதை என்னிடம் தள்ளிவிட்டார்.

ஐந்து ஃபார்ம்களையும் நானே திறந்தேன். ஐந்து கணக்குகளும் மாலைக்குள் தயாராகிவிட்டன. பத்து மாத வேலை, ஒன்றரை மணி நேரம்.

பிப்ரவரி 10, திங்கள்

ஆஸ்டின் டவுன் கிளையின் லாகில் இப்போது ஆறு பெயர்கள். விஜி முதல் நாளே பாஸ்வேர்டை மூன்று முறை தப்பாக அடித்திருக்கிறாள். எதையும் பார்த்து எழுதவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

நேற்று, ஞாயிறு. விஜி இருக்கிறாள், நரேஷ் என்று ஒருவர் இருக்கிறார். ஓஸ்வால்ட் என்று ஒரு வரிகூட இல்லை.

சரியான பதிவு. 9.12-க்கு அவர் சர்ச் கொயரின் இரண்டாம் வரிசையில் நின்று பாடிக்கொண்டிருந்தார். நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். குரலைப் பற்றி அவர் சொன்னதும் உண்மைதான்.