படத்துக்காக நின்ற புகை

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் நாங்கள் நலமாக இருந்தது நடுவில் கொஞ்ச நாள்தான், அந்தக் கதையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்றால் கம்பெனிப் பேச்சை எடுத்ததுமே உனக்கு சிக்னல் போய்விடுகிறது. கடிதத்துக்கு அந்த வியாதி கிடையாது, கடைசி வரை படி.

உன் கம்பெனி ஆபீசிலிருந்து நீ அனுப்பிய படக்காரர்கள் வந்து போய்விட்டார்கள். கம்பெனிக்கு நூறு வயதாகிறது, அம்மா நீ ரெண்டு வார்த்தை நல்லதா பேசிடும்மா போதும் என்று நீ கெஞ்சியதால் நானும் தலைவாரி நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வந்த டைரக்டர் முதலில் கேட்டது துணியை. குடியிருப்பு முழுக்க ஒரு துணிகூட வெளியே காயவில்லையே, வாசலில் கொடி கட்டிக் கலர் கலராகத் தொங்கவிட்டால் படத்தில் அழகாக இருக்கும் என்றார். பக்கத்து வீட்டு கிரேன்காரர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உனக்கே தெரியும், செம்பு உருக்கும் உலையின் புகை எந்தப் பக்கம் போகிறது என்று அண்ணாந்து பார்க்காமல் இங்கே யாரும் ஒரு கைக்குட்டையைக்கூட வெளியே போடமாட்டோம், போட்டால் புள்ளி புள்ளியாக நூல் இற்றுப்போகும். நாங்கள் அதைச் சொன்னதும் அவர் தள்ளிப் போய் யாரிடமோ போனில் பேசினார். மறுநாள் விடிந்தபோது புகையே இல்லை. வானம் நீலமாக வேண்டுமாம், அதற்காகப் படம் முடியும்வரை உலையில் தாது போடவேண்டாம் என்று உத்தரவாம்.

துணியெல்லாம் வெயிலில் மொடமொடவென்று காய்ந்தது. அது கிடக்கட்டும், உன் அக்கா மகள் வாலு இருக்கிறாளே, அவளுக்கு இருமல் நின்றுவிட்டது. படியேறினால் நாய்க்குட்டி மாதிரி இளைக்கும் பிள்ளை தெருவில் ஓடிப்பிடித்து விளையாடினாள், மூச்சுக்கு மருந்து இழுக்கிற பம்ப்பை அலமாரியிலிருந்து எடுக்கவே இல்லை. உன் அக்கா அவள் மார்பில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, சத்தமே இல்லம்மா, பயமா இருக்கு என்றாள். பிள்ளை நன்றாக மூச்சுவிட்டதைப் பார்த்துப் பயந்த தாயை நீ எங்கேயாவது கண்டிருக்கிறாயா? படக்காரர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனார்கள், அன்றே புகை வந்தது, சாயங்காலம் இருமலும் வந்தது.

சீ! இத்தனை வருடம் என்ன சொன்னார்கள்? இருமலுக்கு வீட்டுத் தூசிதான் காரணம் என்றார் கம்பெனி டாக்டர். பீடியைக் கையால் தொடாத உன் அப்பா இருமலோடு போனபோது அவர் சீட்டில் புகைப்பழக்கம் என்று எழுதிய அதே மனுஷன்தான். காற்று நம் பக்கம் அடிக்கும்போதாவது உலையை நிறுத்துங்கள் என்று கேட்டால், நிறுத்தினால் சூடு ஆறி உள்ளே செங்கல் வெடித்துவிடும், முடியவே முடியாது என்றார்கள். இப்போது தாது போடாமல் சும்மா சூட்டோடு வைத்திருந்தார்கள், ஒரு செங்கல்லும் வெடிக்கவில்லை. பிள்ளைக்காக முடியாதது வானத்தின் கலருக்காக முடிந்திருக்கிறது. அந்தப் படத்தில் கம்பெனி வரலாறு என்று என்னென்னவோ வருகிறதாம். கழிவுச் சேறு தேக்கும் அணை உடைந்து கீழ்த்தெருவை மூடியது வருகிறதா என்று கேட்டேன், அது பழைய பெயரில் இருந்த கம்பெனி, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றார்கள் கூட வந்த கம்பெனி ஆட்கள். பெயரை மாற்றினால் அணை வழக்கு போய்விடுகிறது, நூறாவது பிறந்தநாள் மட்டும் போகாமல் கூடவே வருகிறது. என்ன பிழைப்பு இது? பெயர்ப்பலகைக்குப் பெயின்ட் அடித்தவர்கள் அந்தச் சேறு கலந்த ஆற்றுக்கும் ஒரு கோட் அடித்திருக்கலாம். உன் அப்பா இதையெல்லாம் கேட்டுவிட்டு எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

இனி முக்கியமான விஷயம். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இரண்டாவது உலை வைக்க அடுத்த மாதம் ஊர்க்கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்கிறார்கள், அங்கே இந்தப் படத்தைப் போட்டுக்காட்ட நீயே வருகிறாய் என்று கேள்விப்பட்டேன். வா, தாராளமாக வா. ஆனால் படத்தில் நான் பேசியது இருக்கக்கூடாது, முழுக்க வெட்டிவிடு. நான் மேடையேறி நேரிலேயே பேசப்போகிறேன், புகை நின்ற நாட்களில் வாலு எப்படி இருந்தாள், திரும்ப வந்த அன்று எப்படி ஆனாள் என்று. உன் அக்கா அவளையும் அழைத்து வருவாள். வேலை போய்விடும் என்று நீ பயப்படுவாய், எனக்கும் பயம்தான், நீ படித்து முன்னுக்கு வந்ததில் எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியாது. ஆனாலும் நான் வாயை மூடமாட்டேன். திடீரென்று என்னை மைக் முன்னால் பார்த்து நீ திகைக்கக்கூடாது என்றுதான் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, நின்றுகொண்டே அள்ளிப் போட்டுக்கொள்ளாதே. குளிருக்குக் காதை மூடிக்கொள். நெஞ்சு நிறைய நல்ல காற்றோடு நீ நீண்ட காலம் வாழவேண்டும் என்று அப்பாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். ஒன்றே ஒன்று மறக்காதே. கூட்டத்தில் நான் பேசும்போது உன் பக்கத்து நாற்காலிக்காரர் யார் அந்தப் பொம்பளை என்று கேட்பார். அப்போது குனிந்து ஃபைலைப் புரட்டாதே. நிமிர்ந்து பார்த்து என் அம்மா என்று சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா