ஆபீஸ் மாப்பிள்ளை

அல்சூர்,
வியாழக்கிழமை காலை.

என் கண்ணு சிந்தியாவுக்கு, மம்மி எழுதுவது. மாதாவின் தயவில் நானும் டாடியும் நடமாட்டமாக இருக்கிறோம். நீயும் அலெக்சாண்டரும் அந்த ஆக்லாந்து கடல் காற்றில் சளி பிடிக்காமல் இருக்கவேண்டும் என்று தினமும் ஜெபமாலையில் ஒரு மணியை உங்களுக்கென்றே உருட்டுகிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனை எடுத்தால் டாடி ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு ஒட்டி உட்கார்ந்துவிடுகிறார், அவரைப் பற்றி அவர் எதிரிலேயே எப்படிச் சொல்வது. உன் ஜாக்கெட் மூன்றும் தைத்து வந்துவிட்டன, அந்தப் பார்சலுக்குள்ளேயே இதையும் வைக்கிறேன். என் முழங்கால் பரவாயில்லை, மாடிப்படிக்கும் அதற்கும் மட்டும்தான் ஆகாது. சமையலறைக் குழாயை டாடி தானே ரிப்பேர் செய்கிறேன் என்று உட்கார்ந்து, இப்போது ஒரு சொட்டுக்கு இரண்டு சொட்டாக ஒழுகுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நம் கோவில் பங்கில் கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைகளுக்குத் திருமணத் தயாரிப்பு வகுப்பு நடக்கும் இல்லையா, இந்த முறை ஃபாதர் எங்கள் இரண்டு பேரையும் வந்து பேசச் சொன்னார். முப்பத்தாறு வருஷம் சண்டை போட்டும் பிரியாத ஜோடி ஒண்ணு வேணும் என்று சிரித்துக்கொண்டே கேட்டார். டாடி சட்டைக்கு இஸ்திரி போட்டு, மூன்று பக்கம் குறிப்பு வேறு எழுதிக்கொண்டு போன சனிக்கிழமை கிளம்பினார். ஒன்பது ஜோடிகள் வந்திருந்தார்கள். முதலில் கூச்சம் போகட்டும் என்று, ஒவ்வொருவரும் எப்படிச் சந்தித்தீர்கள் சொல்லுங்கள் என்று டாடியே ஆரம்பித்தார். ஒருவர் ஃபேமிலி ஃப்ரெண்ட் என்றார், ஒருவர் அத்தை பார்த்த வரன் என்றார், எல்லாம் கோவில் கோரஸ் மாதிரி ஒழுங்காகப் போயிற்று. அப்புறம் கிளெமென்ட் என்று ஒரு பையன், ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்கிறானாம், எழுந்து, அதிதியோட சித்தப்பாவும் எங்க டாடியும் ஒண்ணா வேலை செஞ்சாங்க அங்கிள் என்றான். பக்கத்தில் இருந்த அந்த அதிதி, பொம்மனஹள்ளிப் பெண், களுக்கென்று சிரித்துவிட்டாள். எனக்கு சித்தப்பாவே கிடையாது ஆன்ட்டி, நாங்க போன்ல டேட்டிங் ஆப்ல பார்த்துக்கிட்டோம் என்று சொல்லிவிட்டாள். பையன் தலையைக் குனிந்தவன் நிமிரவே இல்லை.

உன் டாடிக்கு முகம் மாறிவிட்டது. அதெல்லாம் டைம் பாஸுக்கு வர்ற இடம் இல்லையாம்மா, அங்க வர்றவன நம்பி எப்படி கழுத்த நீட்டறது என்று கேட்டார். அந்தப் பெண் கோபப்படவில்லை. டைம் பாஸுக்கு வந்தவங்களும் இருந்தாங்க அங்கிள், அவங்கள பிளாக் பண்ணிட்டேன், இவரை முதல் தடவை பார்க்கப் போறப்போ என் ஃப்ரெண்டு பக்கத்து டேபிள்லயே காபி குடிச்சிட்டு உட்கார்ந்திருந்தா, ரெண்டு வீட்டுலயும் சொல்றதுக்கு முன்னாடி ஒரு வருஷம் பேசிப் பார்த்தோம், பொண்ணு பார்க்க வந்து அரை மணி நேரத்துல முடிவு பண்றத விட இது மோசமா என்று கேட்டாள். டாடி குறிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவள் குரல் இறங்கிவிட்டது. வீட்டுல எல்லாத்துக்கும் ஒத்துக்கிட்டாங்க ஆன்ட்டி, ஆனா ஊருக்கு என்ன சொல்றதுன்னு அம்மா தினம் அழறாங்க, அதான் சித்தப்பா கதை என்றாள்.

ஊருக்கு என்ன சொல்றது. இதே வார்த்தையை நான் உன்னிடம் சொன்னேன் இல்லையா கண்ணு. அலெக்சாண்டர் உன் ஆபீஸில் வேலை செய்கிற பையன் என்று கதை கட்டியதே நான்தான். பிசியோதெரபிஸ்டுக்கு சாஃப்ட்வேர் கம்பெனியில் என்ன வேலை என்று உன் பெரியம்மா கேட்டபோது, நாள் முழுக்க உட்கார்ந்து முதுகு வலிக்கிறவர்களுக்காக வைத்திருக்கிறார்கள் என்று அதற்கும் ஒரு பொய். இன்றைக்கு வரைக்கும் உன் புருஷனுக்குச் சொந்தக்காரர்கள் மத்தியில் ஆபீஸ் மாப்பிள்ளை என்றுதான் பெயர். அதற்காவது சிரித்துவிடலாம். ரிசப்ஷனில் நீங்கள் இருவரும் எப்படிச் சந்தித்தீர்கள் என்று மைக்கில் சொல்ல நீ எழுந்தபோது, சொன்னா நான் எழுந்து போயிடுவேன் என்று டாடி உன் காதில் சொன்னார், நீ நன்றி மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாய். உள்ளே போய் அழுதுவிட்டு வந்தாய், நான் கலைந்த மையைத் துடைத்துவிட்டேனே தவிர ஒரு வார்த்தை உனக்காகப் பேசவில்லை.

அது ஞாபகம் வந்ததும் எனக்கு உட்கார முடியவில்லை. எழுந்துவிட்டேன். என் மக சிந்தியாவும் ஆப்லதான் பார்த்தா, ஏழு மாசம் பேசிட்டுத்தான் எங்ககிட்ட சொன்னா, நல்ல பையன், நாங்கதான் மூணு வருஷமா பொய் சொல்லிட்டிருக்கோம் என்று சொல்லிவிட்டேன். டாடி என்னைப் பார்க்கவே இல்லை. அப்புறம் பின்வரிசையில் ஒரு பையன் மெதுவாகக் கையைத் தூக்கினான், நாங்களும் ஆன்ட்டி என்றான். அத்தை பார்த்த வரன் என்றார்களே, அவர்களும்! ஒன்பதில் ஐந்து ஜோடி, சிந்தியா. ஃபாதர் கதவோரம் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

திரும்பும்போது ஆட்டோக்காரரிடம் கன்னடத்தில் வழி சொன்னதோடு சரி, டாடி வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்குப் போய் இன்றைக்கு இருக்கிறது என்று நானும் ஜெபம் சொல்லிக்கொண்டே வந்தேன். ஏரிக்கரை சிக்னலில் நின்றபோது திடீரென்று, ஏழு மாசம் இல்ல டோரதி, ஒன்பது மாசம், பிப்ரவரியில ஆரம்பிச்சாங்க, அக்டோபர் கடைசியிலதான் நம்மகிட்ட சொன்னா என்றார். நீ சொன்ன அன்றைக்குப் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே, ஒன்றும் காதில் வாங்கவில்லை என்று நாம் நினைத்தோம். எல்லாம் கேட்டிருக்கிறார்.

மறுநாள் காலை நடைப்பயிற்சியில் தானாகவே பெர்னார்ட் அங்கிளிடம் உன் ஆப் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அவர், அட போப்பா, எங்க ரெண்டாவது மருமகளும் அப்படி வந்தவதான், நீ என்ன சொல்லுவியோன்னு பயந்து ரெண்டு வருஷமா உன்கிட்ட மறைச்சு வச்சிருக்கேன் என்றாராம். இரண்டு பேரும் நடக்கிறதை விட்டுவிட்டு பெஞ்சில் உட்கார்ந்து சிரித்திருக்கிறார்கள். உன் பெரியம்மாவுக்கு நானே போன் செய்து சொன்னேன். எனக்கு அப்பவே தெரியும், முதுகு வலி கதைய நம்ப நான் என்ன பைத்தியமா என்றாள்.

என் பங்குக்கு நீ என்னை மன்னிக்கவேண்டும் கண்ணு, அதை இங்கேயே கேட்டுவிடுகிறேன். டாடி, நானும் மன்னிப்பு கேட்டதா எழுதிடு என்றார். எழுத மாட்டேன், காதில் சொன்னவர் நீங்கள், வாயாலேயே சொல்லுங்கள் என்றுவிட்டேன்.

வேலை வேலை என்று மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே, அலெக்சாண்டருக்கு என் அன்பு. ஆண்டவர் உங்கள் இருவர் தலைமேலும் கை வைத்துக் காக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. பார்சல் வந்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை டாடி போனில் பேசுவார். அவருக்கு வார்த்தை வர நேரமாகும், தொண்டையைக் கனைப்பார், குழாய், மழை என்று எதையாவது சொல்வார். நீ பாவம் பார்த்து, பரவாயில்ல டாடி என்று நடுவில் விட்டுவிடாதே. முழுவதும் சொல்லி முடிக்கட்டும்.

முத்தங்களுடன்,
உன் மம்மி
டோரதி