குட்டியின் காலில் சாயம்

ஜெயத்துக்கு,

நீ கோபித்துக்கொண்டு போயிருக்கும் உன் அம்மா வீட்டில் எல்லோரும் சௌக்கியம் என்று நினைக்கிறேன். இதை உன் தம்பி குமரேசன் கொடுப்பான். வளர்த்துக் கல்யாண ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விடலாமென்று அவன் பெங்களூரில் வாங்கிய வெள்ளைக் குதிரைக்குட்டியை, சாயம் போட்ட பட்டு நூலை நான் ஏற்றிவந்த டெம்போவிலேயே ஆரணிக்குக் கொண்டுவந்தோம். பின்னால் குட்டியோடு நாங்களும் நின்றோம்.

பங்குனியை நம்பவே முடியாது. ஓசூரில் வெயில் கொளுத்தியது. ஆம்பூர் தாண்டியதும் காற்றும் மழையும். முதல் தூறலிலேயே, இருந்த ஒரே தார்ப்பாயை இழுத்து நூல் மூட்டைகள் மேல் போட்டுவிட்டேன். நெய்வதற்கான பாவு நூலைத் தெருவில் விரித்து, மழை வந்தால் வாரிக்கொண்டு ஓடிப் பழகிய கை.

"குட்டி நடுங்கிகினு நிக்குது மாமா," என்றான் குமரேசன். மூட்டைகளைப் பார்த்து, "அக்கா சொன்னது சரிதான்," என்றான்.

எனக்குப் பட்டுதான் முதலில், மற்றவர்களெல்லாம் பிறகு என்று நீ சொல்லிவிட்டுப் போனதைத்தான் சொல்கிறான்.

தார்ப்பாயை எடுத்துக் குட்டிக்குப் போர்த்திப் பிடித்துக்கொண்டே வந்தேன். பட்டு நனைந்தது. குதிரைக்காகப் பட்டை நனையவிட்டவன் என்று நம் தெருவில் சிரிக்கிறார்கள்.

அரக்குச் சாயம் வழிந்து, குட்டியின் கால்களில் மருதாணி மாதிரி பிடித்திருக்கிறது. வந்தவாசியில் உன்னிடம் வந்து சேரும்வரை கழுவ வேண்டாம் என்று குமரேசனிடம் சொல்லியிருக்கிறேன்.

நீ பார்த்த பிறகு கழுவட்டும்.

உன் வீட்டுக்காரன்