நம்ம ஊரில் நிற்காமல் போன ரயில்

என் தங்கமான அக்காவுக்கு,

நம் ஊரில் ரயில் மறுபடியும் நிற்கிறது. உனக்கு முதலில் சொல்ல வேண்டிய சேதி இதுதான். நேரில் சொல்ல நீ இல்லை என்பதால் எழுதுகிறேன். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

சேலம்–நாமக்கல் தடத்தில் அந்த ரயிலை ஒரு தனியார் கம்பெனி எடுத்து ஓட்டப்போகிறது என்று கேள்விப்பட்டபோது ஊரில் யாருக்கும் கசக்கவில்லை. பெட்டிகளுக்குப் புதுநீலம் அடித்து, வாழைமரம் கட்டி, முதல்நாள் ஏறியவர்களுக்கெல்லாம் இனிப்பு கொடுத்தார்கள். அந்தக் கம்பெனியின் மேற்பார்வையாளன் சீருடையில் நான் பெட்டி வாசலில் நின்றேன். நீ ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிற அவசரத்திலும் ஒரு நிமிடம் நின்று என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு ஏறினாய். உன் தோழி தனத்திடம், "எந்தம்பி ரயிலு" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

அப்புறம் ஒவ்வொன்றாகப் போனது. மாதச் சீட்டு செல்லாது என்றார்கள். பெட்டிகளைக் குறைத்தார்கள். துணிக்கடைக்குப் போகிற பெண்கள் கழிப்பறை ஓரம் வரை நெருக்கிக்கொண்டு நின்றார்கள். பிறகு கம்பெனியே இன்னொரு கம்பெனியிடம் கைமாறியது. புதிதாக வந்தவர்கள் சின்ன நிறுத்தங்களை எடுத்துவிட முடிவு செய்தார்கள். அதில் நம் ஊரும் இருந்தது.

ரயில் நம் ஊரில் கடைசியாக நின்ற அன்று காலையில் நீங்கள் யாரும் ஏறவில்லை. தண்டவாளத்தில் இறங்கி இஞ்சினுக்கு முன்னால் நின்றீர்கள். பேசிப் பார் என்று கம்பெனியில் என்னைத்தான் அனுப்பினார்கள். ஊர்க்காரன் பேசினால் கேட்பார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

நான் இறங்கி வந்ததும் எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள். நீ என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வாங்க சார்" என்றாய்.

அக்கா, நீ என்னைத் திட்டியிருக்கலாம். எல்லார் முன்னாலும் அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சொல்லச் சொன்னதை அப்படியே சொன்னேன். இந்த நிறுத்தத்தில் போதுமான பயணிகள் இல்லை என்று, தடம் கொள்ளாமல் நின்ற கூட்டத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"அப்பொ நாங்கெல்லாம் ஆருங்க சார்?" என்று கேட்டாய். சத்தம்கூடப் போடவில்லை.

அதற்குள் பெட்டியிலிருந்து ஒரு பெண் காய்ச்சல் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தாள். சேலத்து டாக்டரிடம் போகிறவள். குழந்தையின் தலை துவண்டு கிடந்ததைப் பார்த்ததும் நீயே, "நவுருங்க, அந்தப் புள்ளைக்கு நேரமாவுது" என்று எல்லோரையும் விலக்கிவிட்டாய். நான் பேசி உங்களை அனுப்பியதாகக் கம்பெனியில் பாராட்டினார்கள். இல்லை என்று சொன்னேன். அடக்கமாகப் பேசுகிறேன் என்று அதற்கும் சிரித்தார்கள்.

அன்று சாயங்காலம் உன் வீட்டுக்கு வரக் கால் கூசியது. வந்தேன். தட்டில் சோறு போட்டுவிட்டு, "உண்ணு சாமி" என்றாய், ஒன்றும் நடக்காதது போல. வேலையை விட்டுவிடுகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றாய். "இன்னொரு ஊர்ல போயி மட்டும் அப்பிடிச் சொல்லாத." அவ்வளவுதான் நீ கேட்டது.

நான் சொல்லவில்லை அக்கா. முடியாது என்று மறுத்ததும் என்னை அலுவலகத்துக்குள் மாற்றிவிட்டு வேறொருவனை அனுப்பினார்கள். அவன் சொன்னான். நிறுத்தங்கள் போயின. என் வாய்தான் சுத்தமாக இருந்தது. சம்பளம் அதே கம்பெனியிலிருந்துதான் வந்தது. அதற்கு நான் என்ன பெயர் வைப்பது?

நீ விடிவதற்கு முன்பே எழுந்து, பஸ் பிடித்து ராசிபுரம் போய் ரயில் ஏறினாய். ஒருநாளும் என்னிடம் குறை சொன்னதில்லை. மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தவள் எழவே இல்லை.

நீ போன அன்று நடந்ததை உனக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்? சேலத்தில் சேதி கேட்டதும் தனமும் மற்ற பெண்களும் கடையில் சொல்லிவிட்டு அடுத்து வந்த நம் ரயிலில் ஏறியிருக்கிறார்கள். ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லி அழுது கேட்டிருக்கிறார்கள். நிறுத்த அதிகாரம் இல்லை என்று ரயிலில் இருந்த கம்பெனி ஆட்கள் சொல்லிவிட்டார்கள்.

உன்னை வாசலில் கிடத்தியிருந்தோம். தண்டவாளம் நம் வாசலிலிருந்து தெரியும் அல்லவா? ரயில் வந்தது. கதவுகளில் அந்தப் பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நின்றுகொண்டு நம் வீட்டைப் பார்த்துக் கும்பிட்டார்கள். தனம் மாரில் அடித்துக்கொண்டாள். ரயில் வேகத்தைக்கூடக் குறைக்காமல் போனது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஆட்டோ பிடித்து அவர்கள் வந்து சேர்ந்தபோது உன்னைக் கொண்டுபோய்விட்டிருந்தோம். சொந்தக்காரர்கள் வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஈர வாசலில் அந்தப் பெண்கள் செருப்போடு நின்றார்கள். சுடுகாட்டிலிருந்து திரும்பிய நான் அவர்கள் கண்ணில் படாமல் கொல்லைப்பக்கம் போனேன்.

காரியம் முடிந்ததும் வேலையை விட்டேன். கம்பெனியும் அதிக நாள் நிலைக்கவில்லை. கட்டுப்படியாகவில்லை என்று ரயிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டது. இப்போது மறுபடியும் ரயில்வேயே ஓட்டுகிறது. பெட்டியில் கம்பெனி பெயரின் மேல் பூசிய பெயின்ட் கொஞ்சம் வேறு நிறத்தில் தெரிகிறது.

போன வாரம் நம் ஊரில் நின்ற முதல்நாள், உன் மகள் யாழினியை ஏற்றிவிடப் போனேன். சேலத்தில் நர்சிங் சேர்ந்திருக்கிறாள், உனக்குத் தெரிந்தால் பூரித்துப்போவாய். நான் ஒதுங்கி நின்றேன். தனம் கதவருகே நின்று கூப்பிட்டாள். அன்னிக்கு நீங்கள் வந்தும் அக்கா முகத்தைப் பார்க்க முடியாமல் போயிற்றே என்று தொடங்கினேன்.

"நீங்களா தம்பி ஓட்டுனீங்க? ஏறுங்க, நேரமாவுது" என்றாள்.

ஏறினேன். உட்காரச் சொல்லி நகர்ந்து இடம் கொடுத்தார்கள். எனக்கு உட்கார மனம் வரவில்லை. சேலம் வரை நின்றுகொண்டே போனேன். அவர்கள் கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

இந்த நிறுத்தம் சோதனைக்குத்தானாம். நிரந்தரமாக்கலாமா என்று பார்க்க அதிகாரி ஒருவர் வருகிறார். இங்கே பயணிகள் இல்லை என்று கம்பெனி எழுதிவைத்துவிட்டுப் போன பழைய அறிக்கையைக் காட்டித்தான் பேசுவார். அன்று நான் முன்னால் வருவேன். இந்த ஊர் ஆட்களைப் பார்த்துக்கொண்டே ஆள் இல்லை என்று சொன்னவன் நான்தான், அது பொய் என்று என் பெயரைச் சொல்லிச் சொல்வேன். யாழினி பக்கத்தில்தான் நிற்பாள். அவள் கேட்கட்டும்.

உன் கூடப்பிறந்தவன்,
முருகேசு